மூணாம் குப்பி, எட்டாம் குப்பி

ஜூன் 10, திங்கள்

இன்னைக்கு முதல் நாள். காலையில வெறும் வயித்துல மூணு மாத்திரை. இப்படியே ஆறு மாசம், ஒரு நாள் விடாம. மாத்திரை கொடுக்க வந்த சுகாதார நர்ஸ் கற்பகம் வாய் ஓயாத பொண்ணு. ரெண்டு வாரம் தனி ரூம்ல இருங்க, ஜன்னலைத் திறந்தே வையுங்க, தினம் முட்டை சாப்பிடுங்க, ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்துல போகும் பயந்துக்காதீங்க, கால் மதமதன்னு இருந்தா சொல்லுங்க, கண்ணுக்கு நிறம் மங்குற மாதிரி இருந்தா அன்னைக்கே சொல்லுங்கன்னு மூச்சு விடாம ஒப்பிச்சா. கடைசி சமாச்சாரத்துக்கு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. திருப்பூர்ல சாயப்பட்டறையில பத்தொம்பது வருஷமா கலர் பார்க்கிறவகிட்ட வந்து இதைச் சொல்றா பாரு.

என்ற வேலையே அதுதான். துணி வாங்கற பார்ட்டி அனுப்பின துண்டையும் நாங்க சாயம் போட்ட துண்டையும் விளக்குப் பெட்டிக்குள்ள ஒட்டி வெச்சுப் பார்த்து, "செவப்பு ஒரு பொட்டு தூக்கல், குறைங்க"ன்னு சொல்லணும். மிஷினும் ஒண்ணு இருக்கு. மிஷின் சரிங்கும், நான் இல்லைம்பேன். கடைசியில பார்ட்டி என்ற பக்கம்தான் நிப்பான்.

முதலாளி குழந்தைவேல் அண்ணன்கிட்ட டைபாய்டுன்னு சொல்லியாச்சு. அக்கம்பக்கத்துலயும் டைபாய்டுதான். காசநோய்னு எழுதறப்பவே கை கூசுது. இங்கே ஒரு தடவை எழுதிட்டேன், போதும்.

ஜூன் 12, புதன்

மாடி ரூம்ல ஒரு கட்டில், ஒரு மேஜை, கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒண்ணு. சோறு, சுடுதண்ணி, துவைச்ச துணி எல்லாம் மாடிப்படியில நாலாவது படி வரைக்கும் வரும். அங்கே வெச்சிட்டு ஒரு தட்டு தட்டிட்டு என்ற வீட்டுக்காரர் இறங்கிருவார். பேரை எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் டைரின்னு ஒண்ணு இருந்தா ஆள் தெரியணுமே. ஈஸ்வரமூர்த்தி. பள்ளிக்கூட வேன் ஓட்டுறார். பேச்சு கம்மி. அவருக்குத் தெரிஞ்ச கலர் மூணு: கறுப்பு, வெள்ளை, "என்னமோ ஒண்ணு".

இன்னைக்குப் படியில சோத்துப் பாத்திரத்தோட ஒரு பார்சலும் இருந்துச்சு. தூத்துக்குடி கஸ்பார் அனுப்பினது. இங்க் பேனா கிறுக்குப் பிடிச்சவங்க நாங்க நாப்பது பேர் போன்ல ஒரு குழுவா இருக்கோம். அதுல ஒருத்தர். உப்பளத்து ஆபீஸ்ல கணக்கு எழுதறார், வயசு முப்பத்தஞ்சு இருக்கும், இதுவரைக்கும் நேர்ல பார்த்ததில்லை. பார்சலைப் பிரிச்சா, சுண்டுவிரல் சைஸுல பன்னிரண்டு குப்பி. ஒவ்வொண்ணுலயும் மை. மேலே நம்பர் மட்டும், பேர் இல்லை. கூட ஒரு சீட்டு:

"வசந்தாமணி அக்காவுக்கு. இந்தப் பன்னெண்டுல ரெண்டு குப்பி ஒரே பாட்டில்ல இருந்து எடுத்தது. எதுன்னு சொல்லுங்க பாப்போம். குழுவுல எல்லாரும் உங்க கண்ணைத்தான் பெருசாப் பேசுதாவ. அவசரமில்ல, உடம்பப் பாத்துக்கிட்டு மெதுவாச் சொல்லுங்க."

காய்ச்சல் நூத்தி ஒண்ணு. இருந்தும் எழுந்து உக்கார்ந்துட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

தினம் ஒரு குப்பின்னு அவசரப்பட மாட்டேன். ஒண்ணை எடுத்தா ரெண்டு நாள், மூணு நாள் அதோடயே குடித்தனம். ஒரே மாதிரி பேனா ரெண்டு வெச்சிருக்கேன். சிரிஞ்சுல மையை உறிஞ்சி ஏத்தி, முதல்ல டைரி, அப்புறம் தாள்ல அழுத்தி ஒரு கோடு, தண்ணி தொட்ட பஞ்சால ஒரு இழுப்பு. கடைசியா கண்ணாடி டம்ளர்ல ஒரு சொட்டு. அந்தச் சொட்டு தண்ணிக்குள்ள விழுந்ததும் கீழே போகாது. நடுவுல நின்னு சித்த நேரம் யோசிக்கும். அப்புறம் மெதுவா வேர் விடும். காய்ச்சல்ல படுத்துக்கிட்டு அதைப் பார்த்துட்டே இருந்தா நேரம் எங்கே போச்சுன்னே தெரியலை.

இன்னைக்கு மூணாம் நம்பர். சிவப்பு. மாதுளம்பழத்தை உடைச்சதும் விரல்ல ஒட்டுமே, அந்தச் சிவப்பு. காய்ஞ்சதும் கொஞ்சம் அடங்குது. டம்ளர்ல விட்டப்ப மேற்கு ஜன்னல் வெயில் அதுக்குள்ள புகுந்து சுவத்துல ஒரு சிவப்பு வட்டம் ஆடிக்கிட்டிருந்துச்சு. வெயில் இறங்கி அது மங்குற வரைக்கும் கண்ணை எடுக்கலை.

ஜூன் 20, வியாழன்

எட்டாம் நம்பர். பச்சை. மழை விட்டதும் கொய்யா இலை எப்படி இருக்கும், அப்படி. இருட்டான பச்சை, மஞ்சள் சைடு கொஞ்சம்கூட இல்லை. ஆழத்துல இதுவும் மூணாம் நம்பரும் ஒரே மட்டம். கறுப்பு வெள்ளை போட்டோ எடுத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் விழும்.

ஒண்ணுக்கு நிஜமாவே ஆரஞ்சுதான் போகுது. கண்ணீரும் அப்படியே, கர்ச்சீப்புல கறை. நானே ஒரு மைக்குப்பி ஆயிட்டேன். கற்பகத்துகிட்ட சொன்னேன், அவ சிரிக்கலை.

ஜூன் 27, வியாழன்

அஞ்சும் பதினொண்ணும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. ரெண்டும் நீலம், ரெண்டுலயும் செவப்பு ஒரு இழை. இன்னும் முடிவு பண்ணலை.

ரெண்டு வாரம் முடிஞ்சுது, கீழே வரலாம்னு சொல்லிட்டாங்க. வரலைன்னுட்டேன். இங்கே ஜன்னல் நல்லா இருக்கு. அவரும் ஒண்ணும் சொல்லலை. ஆனா இன்னைக்கு நாலாவது படியோட நிக்காம மேலே வந்து வாசல்ல உக்கார்ந்து என்கூடவே சாப்பிட்டார். அரிசிம்பருப்புச் சோறு. உப்பு கம்மி, சொல்லலை.

ஜூலை 3, புதன்

மத்தியானம் தூங்கினா கனவு பூராவும் பட்டறைத் தொட்டிதான். நான் உள்ளே இறங்கி நிக்கறேன். முழங்கால் வரைக்கும் மயில்கழுத்து நிறம். தண்ணி இளஞ்சூடு. யாரோ மேலே நின்னு "என்ன கலருங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் பதில் சொல்றேன், சொல்லச் சொல்ல வாயில இருந்து சொட்டு சொட்டா மை விழுது. பயமே இல்லை. விழிச்சப்ப எதிர் மாடிக் கொடியில பனியன் துணி ஆடுது, அதுவும் கனவோட பாக்கியோன்னு கொஞ்ச நேரம் குழப்பமா இருந்துச்சு.

ஜூலை 21, ஞாயிறு

இருமல் நின்னுருச்சு. எடை ரெண்டு கிலோ கூடியிருக்கு. பன்னிரண்டு நிறத்தையும் ஒரு அட்டையில வரிசையாத் தீட்டிச் சுவத்துல ஒட்டினேன். வேன்காரர் வந்து கையைக் கட்டிக்கிட்டு நெம்ப நேரம் பார்த்தார். இத்தனை இருக்குமான்னு கேட்டார். ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லிக் கொடுத்தேன். ஏழாவதுலயே தூக்கம் வந்துருச்சு மனுசனுக்கு.

செப்டம்பர் ரெண்டாம் தேதி வேலைக்கு வந்துடறேன்னு குழந்தைவேல் அண்ணனுக்குச் சொல்லிட்டேன். என்ற நாற்காலியில யாரையும் உக்கார வைக்கலையாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒரு கிலோ தக்காளி வாங்கிட்டு வந்திருக்கார், அத்தனையும் காய். இப்படியா பார்த்து வாங்கறதுன்னு கேட்டேன். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைக்காரன் ஏமாத்திட்டான்னார். அமுக்கினா மெத்துமெத்துன்னுதான் இருக்கு. இப்பல்லாம் மருந்து போட்டுப் பழுக்க வைக்கிறாங்க, உள்ளே பழுத்தும் மேலே நிறம் ஏறாது.

ரசம் நல்லாத்தான் இருந்துச்சு.

ஆகஸ்ட் 14, புதன்

மாடிச் சூட்டுல மை கெட்டுப்போச்சு. நீலமெல்லாம் பரவாயில்லை. மத்ததெல்லாம் செத்த மாதிரி கிடக்கு, கடுங்காப்பியும் டீத்தண்ணியும்தான். சுவத்துல ஒட்டின அட்டையும் வெளுத்துப் போச்சு. அட்டையைத் திருப்பி ஒட்டிட்டேன், பார்க்கப் பிடிக்கலை.

குங்குமத்துலயும் கலப்படம். நெத்தியில வெச்சா சாந்து மாதிரி இருக்கு.

கற்பகம் வந்தா. வழக்கமான கேள்வியெல்லாம் கேட்டா. எல்லாத்துக்கும் இல்லைன்னு சொன்னேன்.

ஆகஸ்ட் 17, சனி

இவருக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. துண்டைக் கொடுக்கறப்ப "இந்தா, செவப்புத் துண்டு"ங்கறார். "பச்சைச் சேலை கொடியில காயுது"ங்கறார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்துல அந்த வாயில இருந்து ஒரு கலர் பேர் வந்ததில்லை. என்னங்க, சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போறீங்களான்னு கேலி பண்ணினேன். சும்மாதான்னுட்டு எழுந்து போயிட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கண்டுபிடிச்சிட்டேன். மூணும் எட்டும்.

வெயில்ல வெச்சுப் பார்த்தேன், நிழல்ல வெச்சுப் பார்த்தேன், பஞ்சால இழுத்துப் பார்த்தேன். ரெண்டும் ஒரே பழுப்பு, ஒரே ஆழம். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. கஸ்பார் கெட்டிக்காரர்தான், நம்பரை எட்ட எட்ட வெச்சிருக்கார்.

பழைய பக்கத்தைப் புரட்டினா ஜூன்ல வேற என்னமோ எழுதி வெச்சிருக்கேன். மாதுளையாம், கொய்யா இலையாம். அப்ப காய்ச்சல் நூத்தி ஒண்ணு. காய்ச்சல்காரி கண்டதை நம்பறதா, இப்பத் தெளிவா உக்கார்ந்து பார்க்கிறதை நம்பறதா?

ஆகஸ்ட் 21, புதன்

கஸ்பாருக்குக் கடிதம் எழுதினேன். ரெண்டு பேனாவையும் கழுவி, ஒண்ணுல மூணாம் மை, இன்னொண்ணுல எட்டாம் மை. ஞாபகத்துக்கு இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"தம்பிக்கு. உங்க போட்டியில ஜெயிச்சுட்டேன். மூணும் எட்டும் ஒரே மை. நம்பலைன்னா இந்தக் கடிதத்தையே பாருங்க. ஆரம்பம் மூணாம் மையில எழுதினது, முடிவு எட்டாம் மையில. எந்த எழுத்துல பேனாவை மாத்தினேன்னு உங்களால சொல்ல முடியுமா? உடம்பை விசாரிச்சிருந்தீங்க. டைபாய்டுதான், இப்ப நல்லா இருக்கேன். செப்டம்பர்ல வேலைக்குப் போறேன்."

"நல்லா"ங்கிற வார்த்தைக்கு நடுவுலதான் மாத்தினேன். ந மூணுல. மிச்சமெல்லாம் எட்டுல. தள்ளி வெச்சுப் பார்த்தேன். எனக்கே இடம் தெரியலை, அவருக்கு எங்கே தெரியப்போகுது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மேகமூட்டம். நாள் முழுக்கத் தூங்கினேன். கனவுல தொட்டி வந்துச்சு, தண்ணி மட்டும் வெறும் தண்ணி.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

காலையில பத்து மணி இருக்கும், கஸ்பார் போன் பண்ணினார். முதல்ல மழையைப் பத்திப் பேசினார். அப்புறம் உப்பு விலை. 

"எக்கா, அந்த லெட்டர வெளையாட்டுக்குத்தான எழுதுனிய?"

ஏன் தம்பின்னு கேட்டேன்.

"நல்லாங்கிற வார்த்தையில ந வரைக்கும் ரத்தச் செவப்பு. அதுக்குப் பொறவு எல்லாம் பச்சை. சின்னப்புள்ளகிட்ட காட்டுனாலும் சொல்லிருமே எக்கா."

விளையாட்டுக்குத்தான் தம்பின்னேன். சிரிச்சுக்கூட வெச்சேன். அவர் சிரிக்கலை. கண் டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிருங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனை வெச்சார்.

விளையாட்டு இல்லை.

ஆகஸ்ட் 28, புதன்

குழந்தைவேல் அண்ணன் போன். பத்து டன் ஆர்டராம், குழந்தைத் துணி, பாதி மெரூன், பாதி பாட்டில் பச்சை. திங்கட்கிழமை சாம்பிள் வருது, நீ வந்துதான் கையெழுத்துப் போடணும்னார். மிஷினை நம்பி இவ்வளவு பெரிய லாட்டை இறக்க முடியாதுன்னார். சரிங்கண்ணான்னேன். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு.

நீலம் தெரியுது. மஞ்சள் தெரியுது. அதை வெச்சுச் சமாளிக்க முடியாதா? பத்தொம்பது வருஷ அனுபவம் இருக்கு. ஆழம் தெரியுது. பாதிக்கு மேல தெரியுது.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாத்திரை முழுங்கலை. அப்புறம் பயந்து பத்து மணிக்கு முழுங்கினேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்னைக்கு நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

மத்தியானம் சின்னப் பிள்ளைங்களை வீட்டுல விட்டுட்டு அவர் மாடிக்கு வந்தப்ப, பன்னிரண்டு குப்பியையும் அவர் முன்னால தள்ளினேன். நம்பரை விரலால மறைச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாக் காட்டுங்கன்னேன். ஏன்னு கேக்கலை. காட்டினார். நீலம் நாலையும் சொல்லிட்டேன். மஞ்சளையும் சொல்லிட்டேன். மத்த ஏழுல ஒண்ணு சரி. அதுவும் குருட்டாம்போக்குல.

தலையைக் குனிஞ்சுக்கிட்டு குப்பிகளை நம்பர் வரிசையில அடுக்கினார். அடுக்கி முடிச்சு, மறுபடியும் கலைச்சு அடுக்கினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தக்காளி அன்னைக்கே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ இல்லைம்ப. நீ இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் யார்கிட்டப் போய்க் கேக்கறது வசந்தா? நம்ம வீட்டுல கலர் தெரிஞ்சது நீ ஒருத்திதானே."

   அவ்வளவு நாளும் துண்டு சிவப்பு, சேலை பச்சைன்னு இந்த மனுசன் சொன்னதெல்லாம் நான் கேலிக்கு ஆளாகாம பாத்துக்கத்தான். யாராவது நாலு பேர் முன்னால நான் உளறிடக்கூடாதுன்னு. அந்தப் பேரெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். அன்னைக்கு நான் சொன்ன பேரை ஞாபகம் வெச்சுக்கிட்டு, சுவத்துல திருப்பி ஒட்டின அட்டையை நான் தூங்கறப்ப எடுத்துப் பார்த்தாராம். அட்டை வெளுக்கவே இல்லையாம்.

பயமா இருக்கு. ஜூன்ல செத்துருவேனோன்னு நினைச்சப்பகூட இவ்வளவு பயம் இல்லை. மாத்திரையை நிறுத்தினா நெஞ்சு போகும், நிறுத்தலைன்னா கண்ணு போகும். கண்ணு போனா நான் யாரு?

ஆகஸ்ட் 31, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். புள்ளிப் படப் புத்தகம் ஒண்ணைக் காட்டினாங்க. புள்ளிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நம்பரைப் படிக்கணும். முதல் பக்கம் படிச்சேன். அப்புறம் பதினாலு பக்கம் வெறும் புள்ளி.

மாத்திரையில ஒண்ணு கண் நரம்பைப் பிடிக்குமாம். ஆயிரத்துல சில பேருக்கு. அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டு மாத்திக் கொடுக்கிறாங்க, மத்தது ஓடும், நாள் கொஞ்சம் கூடும். நெஞ்சும் போகாது. இவ்வளவுதான் விஷயம். இதுக்கா ஒரு மாசம் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன்.

நிறம் திரும்புமான்னு கேட்டேன். சில பேருக்கு முழுசா வரும், சில பேருக்கு அரைகுறை, மூணு மாசமோ ஆறு மாசமோ ஆகும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா திரும்புற பேச்சே இல்லையாம். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டாங்க. லெட்டர் எழுதினேன்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியலை.

கற்பகம் வெளியே நின்னுக்கிட்டிருந்தா. முதல் நாளே சொன்னேனே அக்கான்னு அவ கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். அவ கேக்காம என்ற கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்பத்தான் அழுதேன்.

செப்டம்பர் 2, திங்கள்

பட்டறைக்குப் போனேன். நாற்காலியில உக்காரலை. அண்ணன் ரூமுக்குப் போய், டைபாய்டு இல்லீங்கண்ணா, காசநோய், இப்ப கண்ணும் போச்சுன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். அவர் நாற்காலியை ஒரு சாண் பின்னால தள்ளினார். தள்ளினது அவருக்கே தெரிஞ்சு, முகம் சுருங்கி, மறுபடி முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டார். இப்ப யாருக்கும் ஒட்டாதுங்கண்ணான்னேன். அது இல்லம்மான்னு என்னமோ சொன்னார்.

மேஜை மேல அந்த ரெண்டு சாம்பிளும் கிடந்துச்சு. மெரூன் எது, பச்சை எதுன்னு எனக்குத் தெரியலை. பத்து டன். கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பொங்கல் கழிச்சு ஜனவரி இருபதாம் தேதி வா, விளக்குப் பெட்டியில உக்கார்த்திப் பார்க்கிறேன், தெரிஞ்சா நாற்காலி உன்னுது, தெரியலைன்னா வேற ஏதாவது பார்க்கலாம்னார். நியாயம்தான். சாயப்பட்டறையில கலர் தெரியாதவளுக்கு வேற என்ன வேலை இருக்குன்னு நான் கேக்கலை.

செப்டம்பர் 11, புதன்

கஸ்பாருக்கு எல்லாத்தையும் உள்ளபடி எழுதிப் போட்டிருந்தேன், பென்சில்ல. இன்னைக்குப் பதில். உள்ளே என்ற பழைய கடிதமே திரும்பி வந்திருக்கு. கூட ஒரு சீட்டு:

"இத ஒங்ககிட்டயே வச்சிக்கிடுங்க எக்கா. அந்த எடம் என்னைக்குத் தெரியுதோ அன்னைக்கு ஒரு போன் போடுங்க. நல்ல ஜோடி அஞ்சும் பதினொண்ணும். அத நீங்க ஜூன்லயே சொல்லியிருப்பியன்னு எனக்குத் தெரியும்."

கடிதத்தைக் கிழக்கு ஜன்னலுக்குப் பக்கத்துல ஒட்டினேன். முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே பழுப்பு.

செப்டம்பர் 30, திங்கள்

பழுப்பு.

அக்டோபர் 18, வெள்ளி

கீழேயே குடி வந்துட்டேன். காலையில மட்டும் மேலே போய்க் கடிதத்தைப் பார்த்துட்டு வர்றது. கண் கெட்ட பின்னாடி சூரிய நமஸ்காரம்னு எங்கம்மா சொல்றது எனக்காகத்தான் போல.

வேன்காரர் இன்னும் நிறம் சொல்றதை விடலை. இப்பக் கொஞ்சம் துணிச்சல் வந்துருச்சு, "கத்திரிப்பூ கலரு"ங்கற அளவுக்குப் போயாச்சு. அது சரியா தப்பான்னு எனக்கும் தெரியலை, அவருக்கும் தெரியலை. ரெண்டு பேரும் நம்பிக்கிட்டுக் குடும்பம் நடத்தறோம்.

நவம்பர் 1, வெள்ளி

தீபாவளி முடிஞ்சுது. மத்தாப்பு எல்லாம் ஒரே மஞ்சள். அழகாத்தான் இருந்துச்சு.

நவம்பர் 24, ஞாயிறு

மத்தியானத் தூக்கத்துல தொட்டி வந்துச்சு, நெம்ப நாளைக்கு அப்புறம். தண்ணிக்கு நிறம் இருந்துச்சு. என்ன நிறம்னு கேட்டாங்க. வாயைத் திறக்கறதுக்குள்ள விழிச்சுட்டேன். முகமெல்லாம் ஈரம். துண்டுல துடைச்சேன், ஆரஞ்சுக் கறையான்னு பார்த்தேன், தெரியலை.

டிசம்பர் 13, வெள்ளி

கடிதத்துல என்னமோ ஒரு இடத்துல தடுக்குது. சமதரையில நடக்கறப்ப காலுக்கு ஒரு கல் தட்டுப்படுமே, அந்த மாதிரி. எங்கேன்னு தேடினா காணோம். எனக்கு இடம் முன்னாடியே தெரியும்கிறதால மனசு ஏமாத்துதுன்னு நினைக்கிறேன். யார்கிட்டயும் சொல்லலை.

ஜனவரி 3, வெள்ளி

மாத்திரை இன்னும் ஒரு மாசம். எடை அம்பத்தி ரெண்டு. புள்ளிப் படத்துல இந்தத் தடவை அஞ்சு பக்கம். டாக்டரம்மா ரெண்டு தடவை காட்டி எழுதிக்கிட்டாங்க. அவர்கிட்ட மூணுன்னு சொன்னேன். நம்பி ஏமாந்தா மனுசன் தாங்க மாட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில ஏழரை. மாடிக்குப் போனேன். கிழக்கு ஜன்னல்ல வெயில் அப்பத்தான் ஏறிக்கிட்டிருந்துச்சு. வழக்கமா முதல் வரியில இருந்து தேடிக்கிட்டு வருவேன். இன்னைக்குத் தேடவே இல்லை. கதவைத் திறந்ததும் தெரிஞ்சுது. மேலே ஒரு நிறம், கீழ்க்கோடியில ஒரு நிறம். கிட்டப் போனேன். "டைபாய்டுதான், இப்ப நல்லா இருக்கேன்." ந சிவப்பு. அதுக்கு அடுத்து பச்சை. பழைய மாதுளை இல்லை, பழைய கொய்யா இலை இல்லை, ரெண்டுலயும் இன்னும் தூசி படிஞ்சிருக்கு. ஆனா ரெண்டு நிறம். அந்த ஒரு பொய்யை ரெண்டாப் பிளந்த மாதிரி அவ்வளவு சுத்தமாத் தெரியுது. கட்டில்ல உக்கார்ந்து, கண்ணை மூடி, திறந்து, இப்படிப் பத்துத் தடவை பார்த்தேன். போகலை, அங்கேயேதான் இருந்துச்சு.

அதுக்குள்ள சந்தையில இருந்து அவர் வந்துட்டார். படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. நாலாவது படியில நின்னு, அஞ்சு மாசமாச் சொல்றபடியே சொன்னார்.

"வசந்தா, பொங்கலுக்குத் தக்காளி. நல்லா செவந்த பழமாப் பொறுக்கிட்டு வந்தேன்."

வாசல்ல நின்னு கூடையை எட்டிப் பார்த்தேன்.

"அதுல ரெண்டு காய்ங்க. ஓரத்துல பச்சையா இருக்கு பாருங்க, அந்த ரெண்டும்."

கூடையைப் பார்த்தார். அந்த ரெண்டையும் தனியா எடுத்து உள்ளங்கையில வெச்சுக்கிட்டார். அப்படியே நாலாவது படியில உக்கார்ந்துட்டார். கூடை மடியில இருக்கு, தோள் குலுங்குது, சத்தம் வரலை.

இருபதாம் தேதி விளக்குப் பெட்டி. அது அன்னைக்கு. கஸ்பாருக்குப் போன் போடணும். அதுக்கும் அவசரமில்லை, இவர் முதல்ல எழுந்திரிக்கட்டும்.

இதை எழுதறது மூணாம் நம்பர்ல. சிவப்பு.